முதல் கோல்ஃப் செட்: 14 மட்டையா, 7 மட்டையா?

போன மாதம் அண்ணன் மகன் அலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பை, அதற்குள் 12 மட்டைகள், தடித்த தலைகளுக்கு உறைகள், மேலே சிவப்பு எழுத்தில் தள்ளுபடி விலை. "அத்தை, இதை வாங்கிவிடட்டுமா? நாளையோடு சலுகை முடிகிறது" என்று கேட்டிருந்தான். "பொறு" என்று மட்டும் பதில் அனுப்பினேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதை அவனுக்கு இரண்டு வார இறுதிகளில் விளக்கினேன். இதே கேள்வியோடு நிற்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு சலுகையில்தான் தொடங்கினேன். ஆண்களுக்கான முழு செட், எஃகுத் தண்டு. என் உயரம் 155 செ.மீ. மட்டை நீளமாகத் தெரிகிறதே என்று கேட்டபோது, "கொஞ்சம் கீழே இறக்கிப் பிடியுங்கள், பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. ஐந்தாவது மாதத்தில் இடது முழங்கையில் வலி தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர் ஒருநாள் அளவு நாடாவை எடுத்து அளந்துவிட்டு, "உங்கள் வீச்சில் தவறு பாதி, மட்டையில் தவறு பாதி" என்றார். அந்த செட்டை வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றேன். பணத்தைவிட அந்த ஐந்து மாதங்கள் போனதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அண்ணன் மகனுக்கு 26 வயது, 183 செ.மீ. உயரம். பள்ளி நாட்களில் பூப்பந்து ஆடியவன், தோளில் வேகம் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷானன் டான் ஆடியதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்த ஆசை. ஒலிம்பிக்கில் ஆடிய முதல் சிங்கப்பூர் கோல்ஃப் ஆட்டக்காரர் அவர்தான். ஆசைக்கு அது போதுமான காரணம். மட்டை வாங்குவதற்கு வேறு கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலில் வருவது, எங்கே ஆடப் போகிறாய் என்பது. சிங்கப்பூரில் மட்டை வாங்கிய மறுவாரமே புல்வெளியில் இறங்கிவிட முடியாது. பெரும்பாலான மைதானங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) அல்லது தகுதிச் சான்றிதழ் கேட்கும். அதற்கு விதிகள் பற்றிய தேர்வும் ஆடிக்காட்டும் தேர்வும் உண்டு. ஆகவே முதல் ஆறு மாதமோ ஓராண்டோ பயிற்சித் திடலின் செயற்கைப் பாய்தான் நமக்கு மைதானம். நிலத்தின் நெருக்கடி வேறு. ஜூரோங் கன்ட்ரி கிளப்பும் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பும் அதிவேக ரயில் திட்டத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டன. 1904ல் தொடங்கிய கெப்பல் கிளப் 2021ன் முடிவில் பழைய இடத்தைக் காலி செய்து சைம் ரோட்டுக்குப் போனது. 1891ல் இந்த ஊரின் முதல் கோல்ஃப் சங்கம் ஆடிய இடம் பழைய குதிரைப் பந்தயத் திடல். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரில் அதன் நினைவு மட்டும் மிச்சம் இருக்கிறது. மைதானங்கள் சுருங்கச் சுருங்கப் பலரும் மலேசியாவின் ஜொகூருக்கும் இந்தோனீசியாவின் பாத்தாமுக்கும் போய் ஆடுகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு சோதனைச்சாவடி வரிசையிலோ படகுத்துறையிலோ நிற்க வேண்டியவருக்கு 14 மட்டை கூடுதல் சுமை. பெரிய பையோடு சேர்த்தால் 10 கிலோவைத் தாண்டும். காரில்லாமல் பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் போகிறவர் இதை இன்னும் நன்றாக உணர்வார்.

14 என்பது விதி அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் அந்த வரம்பை 1938ல் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆட்டக்காரர்கள் 20, 25 என்று மட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பைகளைத் தூக்கியவர்களின் முதுகை நினைத்துப் பார்க்கிறேன். என் அப்பாவும் பை தூக்கியவர். 1960களில் சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப்பின் புக்கிட் மைதானத்தில் கேடியாக இருந்தார். 1969ல் அங்கே உலகக் கோப்பை நடந்து, லீ டிரெவினோவும் ஆர்வில் மூடியும் அமெரிக்காவுக்கு வென்று கொடுத்ததை நேரில் பார்த்த கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் உறுப்பினர் அவருக்குக் கொடுத்த பழைய 7ஆம் எண் அயர்ன் (உலோகத் தலை கொண்ட நடுத்தூர மட்டை) இன்னும் என் வீட்டில் இருக்கிறது. மெல்லிய தலை, கத்திபோல. அண்ணன் மகனிடம் முதலில் அதைத்தான் கொடுத்து அடிக்கச் சொன்னேன்.

பத்துப் பந்து அடித்தான். இரண்டு அழகாகப் பறந்தன. மீதி எட்டில் விரல் நுனிவரை அதிர்வு ஏறியது. பிறகு என்னுடைய இப்போதைய 7ஆம் எண்ணைக் கொடுத்தேன். நீளம் அவனுக்குக் குறைவு, குனிந்துதான் அடித்தான். ஆனாலும் ஆறு பந்துகள் நேராகப் போயின. இத்தனைக்கும் அவன் வீச்சில் எந்த மாற்றமும் இல்லை. அப்பாவின் மட்டையில் எடை முழுவதும் நடுவில் குவிந்திருக்கிறது. என்னுடையதில் பின்பக்கம் குடைந்து, எடுத்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருக்கிறார்கள். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. இந்த எண்ணத்தைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர், 1959ல் தன் வீட்டுக் கராஜில் ஒரு பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) செய்து பார்த்துத் தொடங்கியதுதான் பிங் நிறுவனம். தொடங்குபவர் எந்த வழியில் வாங்கினாலும் பின்பக்கம் குடைந்த, அடிப்பாகம் அகன்ற அயர்னையே வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடிப்பாகத்தின் அகலத்தை நான் அழுத்திச் சொல்வதற்கு நம் ஊர் மழைதான் காரணம். ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. பிற்பகல் இடியோடு கொட்டி நின்றபின் மண் இளகிக் கிடக்கும். கூர்மையான விளிம்புள்ள மட்டை பந்துக்கு முன்னால் மண்ணில் புதைந்துவிடும். அகன்ற அடி வழுக்கிக்கொண்டு போகும். மணல் வெட்ஜ் (மணலிலிருந்து பந்தைத் தூக்கும், சாய்வு மிகுந்த மட்டை) வாங்கும்போதும் அடிப்பக்கக் கோணம் (பவுன்ஸ்) 10 முதல் 14 டிகிரி வரை உள்ளதையே கேளுங்கள். கெட்டியான தரைக்கென்று செய்த 6, 8 டிகிரி வெட்ஜ் நம் ஈர மண்ணில் தொடக்கக்காரரை வாட்டி எடுத்துவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். அவன் படம் அனுப்பியது பாக்ஸ் செட் என்று சொல்லப்படும் முழுத் தொகுப்பு. தூர அடிக்கான டிரைவரிலிருந்து பட்டர் வரை, பையோடு ஒரே விலை. சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்வரை கிடைக்கிறது. அதன் நன்மையை மறுக்க மாட்டேன். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும், எல்லாம் புதியது, தலைகளும் பெரும்பாலும் பிழையை மன்னிக்கும் வகைதான். ஆனால் விலையைக் குறைக்க எங்கே கைவைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தண்டு பொதுவான ஒரே வகை, பிடி மலிவு ரப்பர், பட்டர் பெயருக்கு ஒன்று. நீளத்தில் தேர்வு கிடையாது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, அவ்வளவுதான். மறுவிற்பனையில் விலை மிக வேகமாக இறங்கும். சராசரி உயரம் உள்ளவர், தேடி அலைய நேரமில்லாதவர், மாதம் ஒருமுறை நண்பர்களோடு ஆடினால் போதும் என்பவர் இதை வாங்கலாம். பாதி எண்ணிக்கையோடு வரும் சிறிய தொகுப்பும் உண்டு. டெக்கத்லானின் இனெசிஸ் மட்டைகளைத் தனித்தனியாகவே வாங்கலாம். முழு பாக்ஸ் செட்டைவிட அது எனக்கு அறிவான வழியாகப் படுகிறது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது அளவெடுத்துச் செய்துகொள்வது. கருவி முன் நின்று அடிக்க வேண்டும். வீச்சின் வேகம், பந்து கிளம்பும் கோணம், அதன் சுழற்சி எல்லாம் திரையில் வரும். அதற்கேற்பத் தண்டு, தலை, கோணம் என்று தேர்ந்து தருவார்கள். அருமையான வேலை. ஆனால் மூன்று வாரம் பழகியவனுக்கு அளவெடுத்தால் அந்த மூன்று வாரத்து வீச்சுக்குத்தான் மட்டை கிடைக்கும். அண்ணன் மகனின் வேகம் அன்று ஒரு பந்துக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் அவன் வேறு மாதிரி வீசுவான், அப்போது அந்த விலையுயர்ந்த தண்டு பொருந்தாது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. மட்டையில் உடம்பைச் சேர்ந்த அளவுகளும் உண்டு, வீச்சைச் சேர்ந்த அளவுகளும் உண்டு. நீளம், தரையோடு தலை அமரும் கோணம், பிடியின் தடிமன் ஆகியவை உடம்பைச் சேர்ந்தவை. வளர்ந்து முடிந்தவருக்கு அவை மாறப் போவதில்லை. தண்டின் விறைப்பு, டிரைவர் முகப்பின் சாய்வு போன்றவை வீச்சைச் சேர்ந்தவை, பயிற்சியோடு மாறும். முதல் செட்டை உடம்புக்குப் பொருந்த வாங்க வேண்டும். வீச்சுக்குப் பொருந்த வாங்குவதை இரண்டாவது செட்டுக்கு ஒத்திவைக்கலாம். நான் முதலில் ஏமாந்தது உடம்பின் அளவில். அவன் ஏமாற இருந்தது இரண்டிலும்.

உடம்பின் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். காலணியோடு நேராக நின்று கையைத் தளரத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை வேறொருவர் அளக்க வேண்டும். அவனுக்கு 88 செ.மீ. வந்தது. இவ்வளவு உயரமானவனுக்கு நீட்டிய மட்டை வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். கை நீளமாக இருப்பதால் ஆண்களுக்கான வழக்கமான நீளமே போதும் என்று தெரிந்தது. உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு மட்டை எடுத்துத் தருபவரை நம்பாதீர்கள். ஆண்களுக்கான 7ஆம் எண் அயர்ன் சுமார் 37 அங்குலம், பெண்களுக்கானது அதைவிட ஓர் அங்குலம் குறைவு. எனக்கு இரண்டாவது சரி. ஆனால் 172 செ.மீ. உயரமுள்ள என் தோழிக்குப் பெண்கள் செட் கொடுத்தபோது அவள் முதுகு பிடித்துக்கொண்டது. அட்டைப்பெட்டியில் ஆண், பெண் என்று எழுதியிருப்பதைவிட அளவு நாடா உண்மை பேசும்.

எஃகா, கிராஃபைட்டா என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எஃகுத் தண்டு பெரும்பாலும் 90 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 80 கிராம். பாயின்மேல் நூற்றுக்கணக்கில் அடிக்கும் நாட்களில், பந்துக்கு முன்னால் பாயைக் குத்தும் ஒவ்வொரு அடியும் முழங்கைக்கு ஏறும். கிராஃபைட் அந்த அதிர்வைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள், பெரும்பாலான பெண்கள் கிராஃபைட் வாங்குங்கள். அவனைப் போன்ற இளந்தோளுக்கு லேசான எஃகே நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் துடைக்காமல் வைத்தால் எஃகு துருப்பிடிக்கும், அவ்வளவுதான். பழையதாக வாங்கும்போது எஃகு மலிவாகவும் கிடைக்கும்.

அந்தப் பழைய மட்டைகள்தான் என் மனம் சாயும் வழி. ஐந்தாறு ஆண்டு பழைய நல்ல பிராண்ட் அயர்ன்கள், புதிய பாக்ஸ் செட் விலையிலோ அதற்கும் கீழேயோ கிடைக்கின்றன. இந்த ஊரில் கோல்ஃபை ஆர்வத்தோடு தொடங்கி அரை ஆண்டில் விட்டுவிடுபவர்கள் பலர். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சேமிப்பறையில் இடமில்லாமல் விற்றுவிடுகிறார்கள். கரொசெல் என்ற இணைய மறுவிற்பனைத் தளத்தில் தேடினால் வரிசையாக வரும். பழையது பின்தங்கிய தொழில்நுட்பம் ஆயிற்றே என்ற அச்சம் வேண்டாம். டிரைவர் தலையின் கொள்ளளவுக்கு 460 கன செ.மீ. என்ற வரம்பு 2004லேயே வந்துவிட்டது. முகப்பு பந்தைத் துள்ளவைக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. பத்து ஆண்டுப் பழைய டிரைவரில் சரியாக அடித்தால் இந்த ஆண்டு டிரைவருக்கு ஏறக்குறைய அதே தூரம் போகும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. போலிகள் உலவுகின்றன. புத்தம் புதிய, உறை பிரிக்காத செட்டைச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு யாராவது தந்தால் விலகிவிடுங்கள். தண்டு தலைக்குள் இறங்கும் கழுத்துப் பகுதியில் தொடர் எண் பொறித்திருக்கிறதா, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லா அயர்ன்களிலும் தண்டின் முத்திரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது முறிந்து மாற்றப்பட்டது. தலையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் பசை உதிர்ந்திருக்கிறது. வெயிலில் நிற்கும் கார்களின் பின்பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த மட்டைகளில் இந்தக் கோளாறைப் பார்த்திருக்கிறேன். வெட்ஜின் முகப்பில் கோடுகள் தேய்ந்து நடுவில் வழுவழுப்பாகியிருந்தால் அதை மட்டும் தனியாகப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பிடிகள் கெட்டிப்பட்டு மினுங்கினால் அதற்காகப் பேரத்தைக் கைவிட வேண்டாம், மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். நம் வியர்வைக்கும் ஈரப்பதத்துக்கும் பிடியை எப்படியும் அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும். நூலிழை கலந்த பிடி கொஞ்சம் சொரசொரக்கும், ஆனால் ஈரக் கையிலும் வழுக்காது.

ஜொகூரில் மலிவாக வாங்கலாமே என்று அண்ணி கேட்டார். சில நேரம் மலிவுதான். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்புபவர் கொண்டுவரும் பொருளில் 100 வெள்ளி வரைக்கும்தான் பொருள் சேவை வரியில் சலுகை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கினால் 500 வெள்ளி. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு வரியை அறிவித்துக் கட்ட வேண்டும். வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அனுமதி போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. தமிழகத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வரியையும் போக்குவரத்தையும் சேர்த்தால் பல நேரங்களில் வித்தியாசம் கரைந்துவிடும்.

இன்னொரு வழி, எதுவுமே வாங்காமல் இருப்பது. இரவல் மட்டையோ வாடகை மட்டையோ வைத்து முதல் எட்டுப் பாடங்களை முடிப்பது. வாடகை மட்டைகள் தேய்ந்து, நீளம் பொருந்தாமல் இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் இந்த விளையாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியாதவரை அதுவே நியாயம். மட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைப் பாடத்துக்கு மாற்றுவதற்கு ஈடான முதலீடு எந்தச் செட்டிலும் இல்லை. அவன் மூன்று வாரமாகத் தினமும் திடலுக்குப் போகிறவன், பிடிக்குமா என்ற கேள்வியைக் கடந்துவிட்டான்.

அவனுக்காக நான் எழுதிக்கொடுத்த பட்டியல் 7 மட்டைகள்தான்: 5ஆம் எண் வுட் (தடித்த தலையுள்ள, தூர அடிக்கான மட்டை), 5ஆம் எண் ஹைபிரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), 7, 9 அயர்ன்கள், பிட்ச்சிங் வெட்ஜ், மணல் வெட்ஜ், பட்டர். 3, 4ஆம் எண் அயர்ன்களைத் தொடவே வேண்டாம், அவற்றின் வேலையை ஹைபிரிட் சுலபமாகச் செய்யும். தொடக்கத்தில் 7க்கும் 8க்கும் இடையே தூர வித்தியாசம் நம் கையில் தெரியவே தெரியாது. ஒரே 7ஆம் எண்ணில் ஒரு பந்து 130 மீட்டர், அடுத்தது 90 மீட்டர் போகும் காலம் அது. எண்களையே நம்ப முடியாது என்பது வேறு கதை. அப்பாவின் காலத்து 7ஆம் எண்ணில் சாய்வு 36 டிகிரிக்கு மேல் இருக்கும். இன்றைய தொடக்கக்காரர் செட்டில் அதே எண் 30ஐ ஒட்டி நிற்கிறது. தூரம் கூடியதுபோல் காட்ட எண்ணை அப்படியே வைத்துச் சாய்வைக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது எண்ணைவிட டிகிரியைக் கேளுங்கள்.

பட்டியலில் டிரைவர் இல்லாதது அவனுக்குப் பெரும் ஏமாற்றம். "அத்தை, டிரைவர் இல்லாமல் என்ன கோல்ஃப்?" என்றான். பையிலேயே நீளமான மட்டை, பட்டரை விட்டால் சாய்வு மிகக் குறைந்த மட்டை அதுதான். சிறு பிழையையும் அது பக்கவாட்டில் பெரிதாக்கிக் காட்டும். 5ஆம் எண் வுட்டில் நேராக அடிக்கப் பழகியபின் 10.5 முதல் 12 டிகிரிக்குள் ஒன்று வாங்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

போன சனிக்கிழமை ஈசூனில் ஒருவர் வீட்டுக்கு இருவரும் போனோம். ஆறு ஆண்டுப் பழைய அயர்ன் செட், 5 முதல் பிட்ச்சிங் வெட்ஜ் வரை, லேசான எஃகுத் தண்டு, பின்பக்கம் குடைந்த தலை. தொடர் எண் இருந்தது, தண்டுகள் எல்லாம் ஒன்று, ஆட்டினால் சத்தமில்லை. பிடிகள் மட்டும் காய்ந்திருந்தன. அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம். 5, 6, 8 மூன்றும் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கும். பட்டரை அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அதை மட்டும் கடைக்குப் போய்க் கையில் பிடித்து, பத்துப் பந்தாவது உருட்டிப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை 7 மணிக்குத் திடலில் சந்திக்கிறோம், புதிய பிடிகளோடு.